ஜவ்வாது மலைக் காற்றில் ஒரு மூன்று கிலோ விமானம்

தரையில் நின்றபடி விமானம் ஓட்டுகிற வேலையில் ஒரு பெரிய வசதி, எது விழுந்தாலும் நாம் விழ மாட்டோம். ஒரு பெரிய தொல்லை, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே யார் வேண்டுமானாலும் வந்து பேச்சுக் கொடுக்கலாம்.

பெரிய விமானத்து பைலட்டுகள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்குக் கதவு கிடையாது. கம்பத்தில் ஏறிக் கரண்ட் வேலை பார்ப்பவர்கள், ரோட்டோரம் குழி தோண்டிக் கேபிள் போடுபவர்கள், செல்போன் டவருக்குக் கீழே நின்று மேலே பார்ப்பவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது புரியும். நீங்கள் வேலை செய்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள். அதில் எட்டுப் பேர் யோசனை சொல்வார்கள்.

எனக்கு ஊர் ஆலங்காயம். விமானப் பொறியியல் படித்தேன். ஒரு தனியார் சர்வே கம்பெனியில் வேலை. வயிற்றில் கேமரா வைத்த வெள்ளைத் தெர்மோகோல் விமானம் ஒன்றை மலைமேல் பறக்கவிட்டுப் படம் எடுப்பேன். அந்தப் படங்களை ஒட்டி வரைபடம் ஆக்குவார்கள். விமானத்தின் இறக்கை என் உயரத்தைவிடக் கொஞ்சம் நீளம். எடை, நன்றாகக் கொழுத்த சேவல் அளவு. என்னோடு வேலை செய்பவர் வாணியம்பாடி நசீர் பாய். ஜீப் ஓட்டுவார், விமானத்தைத் தூக்கி எறிவார், கூட்டத்தைச் சமாளிப்பார். இந்த மூன்றில் எது கஷ்டம் என்று அவரிடம் கேட்டால், கூட்டத்தைத்தான் காட்டுவார்.

எலுமிச்சம்பழம்

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். நாங்கள் போய் இறங்கியபோதே ஊர்க்காரர்கள் தேங்காய், கற்பூரத்தோடு தயாராக இருந்தார்கள். புது டிராக்டர் வந்தால் பூசை போடுவதில்லையா, அந்த மாதிரி. விமானத்தின் மூக்கில் குங்குமம் வைத்தார்கள். பரவாயில்லை, குங்குமத்துக்கு எடை இல்லை. இறக்கைமேல் மல்லிகைச் சரத்தைச் சுற்றினார்கள். இறக்கைமேல் காற்று வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும், பூவில் இடறினால் இழுவை அதிகமாகிவிடும் என்று நயமாகச் சொல்லி, சரத்தை எடுத்து ஜீப்பின் கண்ணாடியில் மாட்டிவிட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

நான் குனிந்து டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஊர்த் தலைவரின் மனைவி கண்ணேறு படாமல் இருக்க ஒரு எலுமிச்சம்பழத்தை வாலுக்குக் கீழே நூலால் கட்டிவிட்டார். நல்ல பெரிய பழம். எனக்குத் தெரியாது. நசீர் பாய் காற்றுக்கு எதிராக ஓடி, விமானத்தை எறிந்தார். அது போன வேகத்தில் மூக்கை வானத்துக்குத் தூக்கியது. நான் என்ன செய்தும் மூக்கு இறங்கவில்லை. ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு வால் கீழாக வந்து சாமை வைக்கோல் போரில் உட்கார்ந்துகொண்டது. நல்லவேளை, வைக்கோல்.

பழத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. விமானத்தின் எடை எந்த இடத்தில் தங்குகிறது என்பது அதன் உயிர். வால் கனத்தால் மூக்கு ஏறும். மூக்கு அளவுக்கு மீறி ஏறினால் இறக்கைமேல் ஓடுகிற காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். தூக்குகிற விசை அந்த இடத்திலேயே செத்துப்போகும். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "இன்னா மேடம், இதுக்கு இவ்ளோ பேச்சா? வால்ல ஒண்ணு, மூக்குல ஒண்ணு கட்டிட்டா சரியாப்பூடும். இன்னொரு பழம் கீது, எடுத்தாரட்டா?"

பறந்த வீடு

ஆடி மாதத்தில் மலையில் காற்று எப்படி இருக்கும் என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒருநாள் காலையில் ஒரு குக்கிராமத்தின்மேல் படம் எடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் அதே ஊருக்குப் போனபோது பெருமாள் என்பவர் ஜீப்பை மறித்தார். அவர் வீட்டுத் தகரக் கூரையில் பாதி போய்விட்டிருந்தது. தகரம் தூரத்தில் ஒரு பலாமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "காலைல உங்க பிளேன் மேல போச்சு. சாயந்தரம் என் கூரை போச்சு. இதுக்கு இன்னா சொல்றீங்க?" என்றார். அவர் மனைவி பின்னால் நின்றார். இடுப்பில் கைக்குழந்தை. கூரை போன நேரத்தில் அந்தக் குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததாம். கோபத்தில் நியாயம் இருந்தது.

அவரை உட்காரவைத்து ஒரு காகிதத் துண்டைக் கிழித்தேன். ஒரு ஓரத்தை உதட்டருகே பிடித்து, மேல்பக்கமாக ஊதினேன். தொங்கிக்கொண்டிருந்த காகிதம் எழுந்து நின்றது. கூரைக்கு மேலே காற்று வேகமாக ஓடினால் மேலே அழுத்தம் குறையும், வாசல் வழியாக உள்ளே புகுந்த காற்று கீழிருந்து முட்டும், இரண்டும் சேர்ந்து தகரத்தைத் தூக்கும் என்றேன். என் விமானத்தை மேலே நிறுத்துவதும் அதே விசைதான். ஆனால் என் விமானத்துக்கும் உங்கள் கூரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று முடித்தேன். அவர் காகிதத்தை வாங்கித் தானும் ஊதிப் பார்த்தார். மனைவியிடம் கொடுத்தார். அவரும் ஊதினார். குழந்தை சிரித்தது.

அன்று விமானம் பறக்கவில்லை. நசீர் பாய் பலாமரத்தில் ஏறித் தகரத்தை இறக்கினார். எல்லாரும் சேர்ந்து கூரையைப் போட்டு, காற்று முதலில் முட்டுகிற ஓரத்தில் கொக்கி போட்டு இறுக்கி, மண்மூட்டை கட்டினோம். வேலை முடிந்து சாமைச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெருமாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நானும் யோசிச்சிட்டேதான் கீறேன் மேடம். மோட்டாரு இல்ல, பேட்டரி இல்ல, ஒரு படிப்பும் இல்ல, என் வூடே தானா பறந்துச்சு. நீங்க பறக்கவுடறதுக்கு எதுக்கு காலேஜ்லாம் போனீங்கோ?"

பருந்தின் பேட்டை

மலை விளிம்பில் வந்து மோதுகிற காற்றுக்குப் போக வழியில்லை. அது சரிவில் ஏறி மேலே போகும். அந்த ஏறுகாற்றில் பருந்துகள் இறக்கையை அசைக்காமலே மணிக்கணக்கில் சுற்றும். பார்த்தால் பொறாமையாக இருக்கும். நானும் விமானத்தை அந்த விளிம்பை ஒட்டியே ஓட்டினேன். மோட்டாரைப் பாதியாகக் குறைத்தும் உயரம் இறங்கவில்லை. பேட்டரி மிச்சம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பருந்து மேலிருந்து இறக்கையை மடக்கிக்கொண்டு வந்தது. நகத்தால் ஒரே அறை.

இடது இறக்கையின் பின்னோரத்தில் மேலும் கீழும் மடங்குகிற ஒரு பட்டை உண்டு. விமானத்தைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதும் அதுதான். அது பிய்ந்து தொங்கியது. ஒரு பக்கம் தூக்குவிசை குறைந்து, விமானம் இடப்பக்கமாகவே சாய்ந்துகொண்டு போயிற்று. நான் அதை எதிர்த்துப் போராடவில்லை. சாய்கிற பக்கமே பெரிய வட்டமாகச் சுற்றவிட்டு, வட்டத்துக்கு வட்டம் இறக்கி, புல்வெளியில் வயிறு தேயத் தரையிறக்கினேன். நசீர் பாய் ஓடிப்போய் எடுத்து வந்து, நகக் கீறல்களைத் தடவிப் பார்த்தார். மேலே பருந்து ஒன்றும் நடக்காத மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் டேப்பை எடுத்து ஒட்டிக்கொண்டே சொன்னார்: "நம்மகிட்ட பர்மிசன் லெட்டர்தான் கீதும்மா. அதுகிட்ட பட்டாவே கீது."

நின்ற விமானம்

இறக்கைக்குத் தரையின் கணக்குத் தெரியாது. அதன்மேல் எவ்வளவு வேகமாகக் காற்று ஓடுகிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. எதிர்க்காற்று பலமாக இருந்த ஒருநாள், விமானத்தின் வேகமும் காற்றின் வேகமும் சரிக்குச் சரி ஆகிவிட்டன. மோட்டார் உயிரைக் கொடுத்துச் சுழல்கிறது, விமானமோ மலைப்பாதைக்கு நேர் மேலே ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. எப்போதாவது வருகிற அரசு பஸ் அப்போது பார்த்து வந்தது. டிரைவர் நிறுத்திவிட்டார். பயணிகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். கண்டக்டர் இறங்கி வந்து விமானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஸ்டாப்பிங்கே இல்லாத எடத்துல நிறுத்திக்கினு கீறீங்களே மேடம், நாங்க நிறுத்தினா மட்டும் டிப்போல மெமோ குடுக்குறாங்க, இது நாயமா?"

காப்பித் தட்டு

என்னைப் பெண் பார்க்கக் கணியம்பாடியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை தினேஷ், வேலூரில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அவருடைய அத்தை வந்ததிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணு பைலட்டுன்னு புரோக்கர் சொன்னாரு. எந்தெந்த ஊருக்கெல்லாம் பிளேன்ல போய்க்கீறம்மா?" என்று கேட்டார். நான் இன்றுவரை ஒரு விமானத்திலும் ஏறியதில்லை. உண்மையைச் சொன்னேன். அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டார்.

அப்போது தினேஷ் வாயைத் திறந்தார். "எனக்கு ஒரு சந்தேகங்க. ரோட்டுல வண்டிய திருப்பினா டயர் தரையைப் புடிச்சுக்குது. ஆகாசத்துல புடிக்க ஒண்ணுமே இல்லயே, பிளேன் எதைப் புடிச்சுத் திரும்புது?" படித்து முடித்த பிறகு என்னிடம் யாரும் இவ்வளவு நல்ல கேள்வியைக் கேட்டதில்லை. வந்த காரியத்தை மறந்துவிட்டேன். "காத்தைத்தான் புடிக்குதுங்க. இறக்கை நேரா இருந்தா தூக்குவிசை நேர் மேல இழுக்கும். விமானத்தைச் சாய்ச்சா அந்த விசையும் கூடவே சாயும். கொஞ்சம் மேல, கொஞ்சம் பக்கத்துல இழுக்கும். அந்தப் பக்கத்து இழுப்புலதான் திரும்புது. இதோ, இப்படி" என்று கையிலிருந்த தட்டைச் சாய்த்துக் காட்டினேன். தட்டில் காப்பி இருந்தது.

டம்ளர்கள் வரிசையாகப் போய் மாப்பிள்ளையின் வேட்டியில் கவிழ்ந்தன. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் படித்த படிப்பு விடவில்லை. "விமானத்துல கொட்டாதுங்க, அங்க தட்டு சாயறப்பவே திரும்பவும் செய்யும், டம்ளரெல்லாம் தட்டோட அழுந்தி நிக்கும். நான் சாய்ச்சேன், திரும்பல, அதான்" என்றேன். தினேஷ் வேட்டியைப் பிழிந்துகொண்டே தலையாட்டினார். புரிந்தவர் ஆட்டுகிற ஆட்டம் அது. அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாம்பாளத்தைக் கொண்டுவரச் சொன்னார். "இது ஏறாத பிளேனை ஓட்டுது. அவன் மூஞ்சியப் பாக்காம எலும்ப மட்டும் போட்டோ புடிக்கிறான். ரெண்டுக்கும் நல்லா பொருந்திக்கீது, தட்டை மாத்துங்க."

விழ வைத்தது

மலைமேல் ஒரு பள்ளி. அதை ஒட்டிக் கேழ்வரகு அறுத்த நிலம். அதில் இறக்குவதாக ஏற்பாடு. தலைமை ஆசிரியையிடம் முதலிலேயே சொல்லி, வேலை முடியும்வரை பிள்ளைகளை வெளியே விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அவரும் சரி என்றார். அன்று திரும்புகிற வழியில் எதிர்க்காற்று எழுந்து பேட்டரியை உறிஞ்சிவிட்டது. மீதி இருந்ததில் ஒரு முறை இறங்கலாம். மறுபடி ஏறி வட்டம் போட முடியாது. மோட்டாரை நிறுத்தி, உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொண்டு, நிலத்தைப் பார்த்துச் சறுக்கிக்கொண்டு வந்தேன்.

அப்போது ஒரு வகுப்பின் ஜன்னலிலிருந்து ஏதோ பிள்ளை விமானத்தைப் பார்த்துவிட்டது போலிருக்கிறது. ஒரே கத்தல். கதவைத் திறந்துகொண்டு பள்ளிக்கூடமே நிலத்துக்குள் ஓடி வந்தது. நசீர் பாய் கையை விரித்துக்கொண்டு "போங்க, போங்க" என்று ஓடினார். அவரையும் விளையாட்டுக்குச் சேர்த்துக்கொண்டு பிள்ளைகள் சுற்றி வந்தார்கள். சேவல் அளவு எடைதான். ஆனால் பைக் போகிற வேகத்தில் வருகிறது. ஒரு நெற்றியில் பட்டால் போதும்.

நிலத்துக்கு இந்தப்பக்கம் ஒரு உண்ணிச்செடிப் புதர் இருந்தது. விமானம் அதைத் தாண்டப் போகிறது. கல்லூரியில் முதல் நாளிலிருந்து எதைச் செய்யவே கூடாது என்று தலையில் அடித்துச் சொன்னார்களோ, அதைச் செய்தேன். மூக்கை முழுதாக மேலே இழுத்தேன். விமானம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது, வேகம் செத்தது, இறக்கை காற்றின்மேல் இருந்த பிடியை விட்டது. தூக்குவிசை போனால் மிச்சம் இருப்பது எடை மட்டும்தான். கல் மாதிரி புதருக்குள் விழுந்தது. பிள்ளைகளுக்கும் புதருக்கும் நடுவே ஒரு வகுப்பறை நீளம்கூட இல்லை.

இறக்கை ஒடிந்துபோயிற்று. கேமரா போயிற்று. பிள்ளைகள் ஏமாந்து நின்றார்கள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கம்பெனிக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். வேலை இருக்குமா என்பதே சந்தேகம். எங்கள் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி பிள்ளைகளுக்கு அடி உண்டா என்பது. இல்லை என்றதும், "அப்ப வேற பிளேன் அனுப்புறேன்" என்று வைத்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கம்பெனியை விட்டு நான் இன்னும் போகவில்லை. தலைமை ஆசிரியை ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து சொன்னார்: "பறக்க வைக்கத்தான் படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன் மேடம். எங்க விழ வைக்கணும்னும் படிச்சிருக்கீங்க. அது பெருசு."

பெரிதாக ஒன்று

போன மாதம் நெல்லிவாசல்நாட்டில் நடந்து மட்டுமே போக முடிகிற ஒரு ஊர். ஜீப்பைக் கீழே விட்டுவிட்டு விமானப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினோம். அங்கே லட்சுமி என்ற அக்கா தலையில் புளிமூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மூட்டையைப் பாறைமேல் சாய்த்துவிட்டு நின்றார். விமானம் பறப்பதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். அது சுற்றி வந்து காலடியில் இறங்கியதும் பக்கத்தில் வந்து, இறக்கையை முழத்தால் அளந்தார்.

"இதுல இந்த மூட்டைய வெச்சு அனுப்பலாமா?" என்று கேட்டார். தாங்காது அக்கா என்றேன். "பெருசா செஞ்சா?" செய்யலாம் என்றேன். எடை கூடக்கூட அதைத் தூக்க இறக்கை பெரிதாக வேண்டும், இறக்கை பெரிதானால் இழுவை கூடும், இழுவையை முறிக்கப் பெரிய மோட்டார் வேண்டும், மோட்டார் பெரிதானால் மறுபடி எடை கூடும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அவர் சளைக்கவில்லை. "சரி, எல்லாத்தையும் பெருசு பண்ணிக்கோ. நானும் மூட்டையும் சேந்து ஏறினா தூக்குமா?" தூக்கும் அக்கா என்றேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் விஷயத்தைப் பாதியில் விடக்கூடாது அல்லவா? அவ்வளவு பெரிய விமானத்தைக் கையால் எறிய முடியாது, இறக்கை பிடிக்கிற அளவுக்கு வேகம் எடுக்க அது தரையில் ஓட வேண்டும், அதற்கு மேடு பள்ளம் இல்லாமல், அகலமாக, நீளமாக ஒரு தார் ரோடு வேண்டும் என்றேன்.

லட்சுமி அக்கா மலைச்சரிவைப் பார்த்தார். ஒற்றையடிப் பாதையைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார். நசீர் பாய்க்கும் தொற்றிக்கொண்டது. மூட்டையைத் தலைக்கு ஏற்றிவிட நான் கை கொடுத்தேன். இறங்கிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "அப்டி ஒரு ரோடு இங்க இருந்தா பஸ்ஸே வந்துடும் கண்ணு, உன் பிளேன் எனக்கு எதுக்கு?"

விமானத்தின்மேல் வேலை செய்பவை எடை, தூக்குவிசை, உந்துவிசை, இழுவை என்று நான்கே நான்குதான் என்று கல்லூரியில் பரீட்சை வைத்துப் பாஸ் போட்டார்கள். ஐந்தாவதாக ஒன்று ஜவ்வாது மலையில் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும், அதற்கு வாய் உண்டு என்பதைப் பாடத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.